பல் தடம்

மாமியார் வாயை மூடும்வரை அந்தப் பட்டறையில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. தொடங்கினாலும் வீண். மாமியார் என்றால் ஓர் இயந்திரம். வயலினுக்கும், முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பெரிய செல்லோவுக்கும் வேண்டிய பலகைகளை முதல் குடைவு குடைந்து தருவது அதன் வேலை. காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் தேநீருக்குப் பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான் ஓய்வு. மற்ற நேரமெல்லாம் ஓயாத கத்தல். ஆறு வருடத்துக்கு முன்னால் அது வந்து இறங்கிய அன்றைக்கே வார்னிஷ் பூசுகிறவர் அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். இப்போது முதலாளியே அப்படித்தான் சொல்கிறார்.

பத்தரை மணிக்கு மாமியார் அடங்கியதும், பலகைகளைத் தட்டிப் பதம் பார்க்கிறவர், பட்டறையில் எல்லோரும் காது என்று கூப்பிடுகிறவர், தன் மேசைமேல் கிடந்த செல்லோவின் மேற்பலகையைத் தூக்கி நிறுத்தினார். நடை பழகும் குழந்தையின் உயரம் இருந்தது. வெளுத்த ஊசியிலை மரம்; அதன் ரேகைகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக, நேராக ஓடின. மேல் ஓரத்தில் ஓரிடத்தை இரண்டு விரலால் கவ்விப் பிடித்துக்கொண்டு நடுவில் விரல் முட்டியால் தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பெரிய வித்தைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அது ஊருக்காகச் செய்வது.

பிறகு கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். முதலாளி தொலைபேசியில் இருந்தார், முதுகு இந்தப் பக்கம். ஜன்னலோரம் வயலினுக்குத் தந்தி பூட்டிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அவள் நாலாபுறமும் கண்ணை ஓட்டிவிட்டு ஒரு முறை தலையசைத்தாள். உடனே காது பலகையின் ஓரத்தை வாயருகே கொண்டுபோய்ப் பல்லால் கவ்வினார். மறுபடி தட்டினார். இந்த முறை வந்தது. தாடையில் ஏறி, கன்னத்து எலும்பு வழியாக மண்டைக்குள் இறங்கிய ஒரு கனத்த ரீங்காரம். இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் தடிப்பு இருக்கிறது என்று அது சொல்லியது. கட்டைவிரல் அளவே உள்ள இழைப்புளியை எடுத்து அந்த இடத்தில் நாலு சுருள் சீவினார். ஊதித் தள்ளினார். மறுபடி கவ்வி, மறுபடி தட்டினார். ரீங்காரம் இப்போது நின்று நிதானமாகப் போனது.

அந்த நிமிடத்தில் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் காலையில் எழுந்து ஆசையோடு வேலைக்குப் போகிற மனிதர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அவருக்குக் காது என்று பெயர் வைத்தது பழைய முதலாளி, இப்போதைய முதலாளியின் அப்பா. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, அடுக்கியிருந்த பலகைகளைத் தட்டிக்கொண்டே போய், "இதுல உள்ள வெடிப்பு இருக்கு" என்று ஒன்றை உருவி எடுத்தார். பிளந்து பார்த்தால், மயிரிழை போல ஒரு வெடிப்பு உள்ளே ஓடியிருந்தது. "உனக்குப் பாம்புச் செவிப்பா" என்றார் பெரியவர். அன்றிலிருந்து பட்டறையில் செய்கிற ஒவ்வொரு வயலினின் பலகையும் செல்லோவின் பலகையும் அவர் தட்டிப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஒட்டப்போகும். முதலாளி அச்சடித்து வைத்திருக்கிற விலைப்பட்டியலின் மேலேயே அது எழுதியிருக்கிறது: ஒவ்வொரு பலகையும் காதால் கேட்டுப் பதம் பார்க்கப்பட்டது.

அந்தக் காதுதான் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. சொல்லாமல் வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரரைப் போல, தினம் ஒரு சாமானாகத் தூக்கிக்கொண்டு போனது. முதலில் அடுப்பில் கெட்டில் விசிலடிப்பது. அப்புறம் ஜன்னல் கம்பியில் வந்து உட்காருகிற குருவிகள். அப்புறம் மனைவியின் முணுமுணுப்பு. அவள் வேலை செய்யும்போது ஏதாவது ஒரு மெட்டை மூக்காலேயே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கே அது தெரியாது. இருபத்தைந்து வருடம் கேட்ட அந்தச் சத்தம் நின்றுபோனபோது, அவளுக்கு ஏதோ மனக்குறை என்று நினைத்து அவர் இரண்டு வாரம் தவித்தார். கடைசியில் அவள் உதட்டையும் தொண்டையையும் உற்றுப் பார்த்த பிறகுதான், அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் இருக்கிறாள், தனக்குத்தான் எட்டவில்லை என்று புரிந்தது. அன்றைக்கு அவர் அழுதுவிட்டார்.

மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது. கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதனால்தான் செல்லோ அவரைக் கைவிடவில்லை. வயலின் பலகைக்குத் தடவிப் பார்க்கிற கட்டைவிரல் பாதி, அனுபவம் பாதி. செல்லோவுக்குப் பல். மனிதர்கள் பேசுவதற்கு உதடு இருக்கவே இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, தந்தியம்மா என்று பட்டறை முழுக்கக் கூப்பிடுகிற அவர் மனைவி. தந்தி பூட்டி, அதைத் தாங்குகிற குதிரை என்ற மரத்துண்டை நிறுத்தி, சுருதி சேர்ப்பது அவள் வேலை. இன்னொன்று, அவளுடைய அண்ணன், வார்னிஷ் பூசுகிறவர். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் யூகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வயலினுக்குக் கழுத்து செதுக்குகிறவருக்குக் கண் மங்கியது. விஷயம் வெளியான மறுவாரமே அவர் பின்பக்க மரக் கொட்டகைக்குப் போனார். காய்ந்த கட்டைகளைத் திருப்பி அடுக்குவது, ஈரக் கட்டைகளை இறக்கி வைப்பது. இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.

பல்லால் பதம் பார்ப்பதில் ஒரு சிக்கல் வந்தது. ஊசியிலை மரம் மெத்தென்றிருக்கும். நகம் பட்டாலே தடம் விழும். ஒரு நாள் வார்னிஷ்காரர் ஒரு செல்லோவுக்கு முதல் பூச்சு கொடுத்தபோது, ஓரத்தில் நாலு சின்னப் பள்ளங்களில் நிறம் ஊறிக் கறுத்துத் தெரிந்தது. மச்சானிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் அதைத் திருப்பி வைப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"என்னப்பா இது?"

வார்னிஷ்காரர் பொய் சொல்வதில் கெட்டிக்காரர் அல்ல. வாயில் வந்ததைச் சொன்னார். "எலி மாதிரி இருக்கு முதலாளி."

"எலியா!" முதலாளி குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குப் பார்த்தார். "ஆமா, பல்லுதான். போன மாசம் இன்னொண்ணுலயும் பார்த்தேனே. வயலினைத் தொடறதில்ல, செல்லோவை மட்டும் கடிக்குது. நல்ல சங்கீதம் தெரிஞ்ச எலிதான்."

மறுநாளே கடையிலிருந்து ஒரு எலிப்பொறி வந்தது. காதுவின் மேசைக்குக் கீழே அதை வைத்து, ரொட்டித் துண்டை மாட்டிவிட்டு, "ராத்திரி மாட்டிக்கும் பாரு" என்றார் முதலாளி. காது குனிந்து பொறியைப் பார்த்தார், நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். வார்னிஷ்காரர் புட்டியைத் தேடுகிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் போய்த் தோள் குலுங்கச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் தந்தியம்மா பழைய தலையணை உறை ஒன்றை வெட்டி, நாலாக மடித்து, நாலு பக்கமும் தைத்துக் கொடுத்தாள். "இனிமே இதை வெச்சுக் கடிங்க. எலிக்கு வயசாயிடுச்சு, பல்லு கொட்டிடுச்சுன்னு முதலாளி நெனச்சுக்கட்டும்." அது அவருடைய சட்டைப் பையில் நிரந்தரமாகக் குடியேறியது. எலி கடிப்பது நின்றது. பொறி மட்டும் மேசைக்குக் கீழேயே கிடந்தது. வாரத்துக்கு ஒரு முறை முதலாளி ரொட்டியை மாற்றுவார்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், தொழிலாளர் நலத் துறையிலிருந்து ஆய்வாளர் வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. இரைச்சல் அதிகமுள்ள பட்டறைகளையெல்லாம் அளந்து பார்க்கிறார்களாம். வேலை செய்கிறவர்களின் காதையும் சோதிப்பார்களாம்.

கடிதத்தை முதலாளி எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அவருக்கு அடர்ந்த மீசை. மேல் உதடு பாதி அதற்குள் மறைந்திருக்கும். அதனால் அவர் பேச்சில் காதுவுக்குப் பாதிதான் கிடைக்கும். மீதியை மனைவியின் முகத்தில் படித்துக்கொள்வார். அன்றைக்கு அவள் முகத்தில் படித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"லீவு போட்டுடவா?" என்று வீடு திரும்பும்போது கேட்டார்.

தந்தியம்மா தெருவில் எப்போதும் அவருக்கு ஓர் அடி முன்னால், பாதி திரும்பியபடியே நடப்பாள், உதடு தெரிய வேண்டும் என்பதற்காக. எதிரே வருகிறவர்கள் இந்த வயதில் இப்படி ஒரு கண்ணோடு கண் பேச்சா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். "லீவு போட்டா இன்னொரு நாள் வருவாங்க. வர்றது வரட்டும், நான் இருக்கேன்ல" என்றாள்.

ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான ஆள், கையில் ஒரு தோல்பை, அதற்குள் முள் ஆடுகிற ஒரு சின்னப் பெட்டி. அன்றைக்கு மாமியாருக்குப் பாதி மௌன விரதம். முதலாளி முன்கூட்டியே சொல்லி, இருப்பதிலேயே மெல்லிய பலகையாக, அதுவும் பாதி வேகத்தில் ஓட விட்டிருந்தார். அதை ஓட்டுகிற ஆள் எட்டு மாதத்துக்கு முன் வந்தவர். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் தாங்க முடியாமல் ஓடிப்போனவர்கள். அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் முதலாளி. பெட்டியின் முள் ஆடியது. ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

பிறகு சோதனை. ஒரு முக்காலியை ஜன்னலைப் பார்த்துப் போட்டு, ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். பத்து அடி பின்னால் நின்றுகொண்டு மெதுவான குரலில் ஓர் எண் சொல்வார். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மெஷின்காரர் சொன்னார். வார்னிஷ்காரர் ஒன்றைத் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னார். தந்தியம்மா கணீரென்று சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலோரம் தன் மேசைக்குப் போய், ஒரு செல்லோவை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, துணியால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இவர்தான் எங்க காது" என்றார் முதலாளி பெருமையாக. "இவரை எதுக்கு சார் சோதிக்கணும்? சூரியனுக்கு டார்ச் அடிச்ச மாதிரி."

காது முக்காலியில் உட்கார்ந்தார். முன்னால் ஜன்னல், ஜன்னலோரம் மனைவி, அவள் முழங்காலுக்கு நடுவில் செல்லோ. பின்னால் ஆய்வாளர் பேச ஆரம்பித்துவிட்டாரா இல்லையா என்பதே தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த மேசை வலது பக்கம் மூன்றடி தள்ளி இருந்தது. அதை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

தந்தியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. அவள் இடது கை செல்லோவின் கழுத்தில் ஏறியது. நாலு விரல் தந்திமேல் படிந்தன. எடுத்தாள். இரண்டு விரல் படிந்தன.

"நாப்பத்திரெண்டு" என்றார் காது.

மூன்று விரல். அப்புறம் ஒன்று.

"முப்பத்தி ஒண்ணு."

அடுத்ததற்கு ஒரு கை போதவில்லை. அவள் இடது கையை முழுக்க விரித்துக் கழுத்தில் வைத்தாள். வலது கை இரண்டு விரலால் உடம்பில் இருந்த ஏதோ தூசியைத் தட்டியது. பிறகு வலது கையை எடுத்துவிட்டாள். இடது கை மட்டும் விரித்தபடி நின்றது. கதவருகே வார்னிஷ்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"எழுபத்தஞ்சு."

ஆய்வாளர் காகிதத்தில் கோடு போட்டுவிட்டு முன்னால் வந்தார். காதுவின் தோளைத் தட்டினார். முதலாளி பக்கம் திரும்பி என்னவோ சொன்னார், முதலாளி பெரிதாகச் சிரித்தார். காதுவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரிப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆய்வாளர் தேநீர் குடித்துவிட்டு, முதலாளி கொடுத்த சின்ன வயலின் பொம்மை ஒன்றைத் தோல்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று முழுக்கக் காதுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மச்சான் அவர் தட்டில் தன் பங்கையும் அள்ளி வைத்தார். "செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்க. இங்க சங்கு ஊதினவனே அசந்து போயிட்டான் மச்சான்" என்று வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். காது சிரித்துப் புரையேறினார். தந்தியம்மா மட்டும் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் தெருவில் அவள் முன்னால் நடந்தாள். திரும்பவே இல்லை.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? ஜெயிச்சுட்டோம்ல?" என்றார் காது.

அவள் நின்றாள். திரும்பினாள். "அந்த ஆபீசர் போறப்ப முதலாளிகிட்ட என்ன சொன்னார் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் செவிடாச்சே."

அவள் சிரிக்கவில்லை. "மெஷினுக்குப் பக்கத்துல ஆறு வருஷமா உக்காந்தவருக்கே ஒண்ணும் ஆகலன்னா, அதனால பாதிப்பு இல்லன்னு எழுதிடறேன்னார். உங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருந்தாக்கூட, சுவர் எழுப்பித் தனி ரூம்ல அதை வைக்கணும், எல்லாருக்கும் காதுக்கு மூடி வாங்கிக் குடுக்கணும்னு எழுதியிருப்பாராம்."

ஒரு சைக்கிள் அவர்களுக்கு நடுவில் புகுந்து போனது. மணியடித்திருப்பான். காதுவின் முழங்கையைப் பிடித்து அவள் ஓரமாக இழுத்தாள்.

"என் வேலையைப் பத்தி என்ன எழுதியிருப்பாரு?"

"அதை அவர் ஏன் எழுதப்போறாரு? அது முதலாளி இஷ்டம்."

"அப்ப நாம சரியாத்தான் செஞ்சோம்" என்றார் காது. அவள் முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பழையபடி பாதி திரும்பி நடக்க ஆரம்பித்தாள்; காய்கறி என்ன வாங்கலாம் என்று கேட்டாள்.

அடுத்த பத்து நாளும் நன்றாகவே போயின. அந்த வாரம் காது பதம் பார்த்த செல்லோவின் மேற்பலகை அடிப்பலகையோடும் பக்கங்களோடும் சேர்ந்து பெட்டியானது. வார்னிஷ்காரரின் கையில் மூன்று வாரம் தொங்கப்போவதற்கு முன்னால், வெள்ளையாக இருக்கும்போதே, தந்தியம்மா அதற்கு ஒரு முறை தந்தி கட்டிப் பார்ப்பாள். அது அந்தப் பட்டறையின் வழக்கம். சாப்பாட்டு நேரத்தில், மாமியார் அடங்கியிருக்கும்போது, அவள் வில்லை எடுத்துத் தடித்த தந்தியின் மேல் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். காது இரண்டு உள்ளங்கையையும் செல்லோவின் முதுகில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு முழுசாகக் கேட்டது. கையில் பாதி, காதில் பாதி. இதைவிட நல்ல பலகை தன் கையில் வந்ததில்லை என்று தோன்றியது. மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்துக் கை தட்டினார்.

அந்தச் செல்லோவைப் பார்த்துவிட்டுத்தான் ஓர் இசைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே மூச்சில் எட்டு செல்லோ கேட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் முதலாளி ஓர் அளவு நாடாவோடு வந்து, பட்டறையை நீளமும் அகலமுமாக அளந்தார். அப்புறம் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, எட்டு செல்லோ ஒரே நேரத்துல காயணும்னா வெளிச்சத்துல ஒரு அலமாரி வேணும். இந்த ஜன்னலை விட்டா வேற வழியில்ல. உன் மேசையை அங்க போட்டுக்கலாம்" என்று கை நீட்டினார். மாமியாரின் இந்தப் பக்கம் காதுவின் மேசை. அந்தப் பக்கம் ஒரு மேசை போடுகிற இடம் ஆறு வருடமாகக் காலியாகவே கிடந்தது. யாரும் அங்கே உட்கார ஒப்பவில்லை. "பயப்படாத. ஆபீசர் எழுதியே குடுத்துட்டார், ஒரு கெடுதலும் இல்லன்னு. உன் வீட்டுக்காரரையே பாரேன். ஊசி விழுந்தாக் கேக்குது அவருக்கு."

எழுதிக் கொடுத்தது கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. தந்தியம்மா அதை ஒரு முறை பார்த்தாள். "ஆகட்டும் முதலாளி" என்றாள்.

மீசைக்குள்ளிருந்து வந்த பேச்சில் காதுவுக்குக் கிடைத்தது 'மேசை', 'அங்க' என்ற இரண்டே சொல். நீட்டிய விரல் மீதியைச் சொல்லிவிட்டது. கையிலிருந்த இழைப்புளியை வைத்தார். முதலாளிக்குப் பின்னாலேயே கண்ணாடி அறைக்குள் போனார். அந்த அறைக்குள் அவராகப் போனது நாலைந்து தடவைதான் இருக்கும்.

"முதலாளி, ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லணும்னு..."

"சொல்லு காது."

"எனக்கு..."

தோளில் ஒரு கை விழுந்தது. தந்தியம்மா பின்னாலேயே வந்திருந்தாள். "மேசையை ஒத்தையாத் தூக்க முடியாதாம் முதலாளி, ரெண்டு ஆள் கேக்கறார். கேக்கவும் கூச்சப்படறார்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"இதுக்கா இவ்வளவு தயக்கம்? கூட்டிக்கோப்பா."

அவரை அவள் மரம் அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமியார் கத்த ஆரம்பித்திருந்தது. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நிலைதான். அவளும் அவர் உதட்டைத்தான் பார்த்தாக வேண்டும்.

"என்ன பண்ணப் போனீங்க?"

"சொல்லிடப் போனேன்."

"சொல்லிட்டு? மரக் கொட்டகைக்கா? அந்தக் கழுத்துக்காரரைப் போன வாரம் பார்த்தேன். வெயில்ல உக்காந்துட்டு, ஒண்ணுமே இல்லாத கையால தொடைமேல செதுக்கிட்டு இருந்தார். நீங்க அங்க ஒரு மாசம் தாங்கமாட்டீங்க."

"உன் காது?"

"எனக்கு ரெண்டு இருக்கு" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த மரச்சுருளை எடுத்துப் போட்டாள். "கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழிச்சு மறுபடியும் மாமியார் பக்கத்துல குடித்தனம். எழுதினவன் அழிச்சா எழுதுவான்?"

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். அன்றைக்கு முக்காலியில் உட்கார்ந்து அவள் விரலைப் பார்த்து எண்ணியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

மேசையைக் காதுவும் வார்னிஷ்காரரும் மெஷின்காரருமாகத் தூக்கினார்கள். கனமான பழைய மேசை. ஜன்னலோரம் அது நின்ற இடத்தில் நாலு கால்களின் தடங்களும் வெளிறித் தெரிந்தன. மாமியாரின் அந்தப் பக்கம் கொண்டுபோகிற வழியில், காதுவின் மேசையடியில் எதிலோ ஒரு கால் இடித்தது. குனிந்து பார்த்தால் எலிப்பொறி. மேசையைப் போட்டு முடித்ததும் முதலாளி அதைக் காலால் தந்தியம்மாவின் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார். "இனிமே இது இங்க இருக்கட்டும்" என்றார்.

தந்தியம்மா தன் சாமான்களை ஒழுங்குபடுத்தினாள். தந்திச் சுருள்கள், குதிரை அறுக்கிற கத்தி, பெட்டிக்குள் நிற்கிற உள்குச்சியை நிறுத்துகிற வளைந்த கம்பி, சுருதிக்கான இரும்புக் கவை. அவள் தொண்டை மெல்ல அசைந்துகொண்டிருப்பதைக் காது பார்த்தார். ஏதோ ஒரு மெட்டு. மெஷின்காரர் பஞ்சை அடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பள்ளிக்கூடத்துக்கான தடித்த மேப்பிள் கட்டை, முழு வேகம். தரை அதிர்ந்து காதுவின் உள்ளங்காலில் ஏறியது. இருவருக்கும் நடுவில் மரத்தூள் பறந்தது.

அவள் ஒரு செல்லோவை எடுத்து முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினாள். தந்தியைச் சுண்டினாள். முறுக்காணியைத் திருகி மறுபடி சுண்டினாள். தலையைச் சாய்த்துக் காதைத் தந்தியருகே கொண்டுபோனாள். இரும்புக் கவையை மேசையில் தட்டிக் காதோடு வைத்துப் பார்த்தாள், கீழே வைத்தாள். தொண்டையின் அசைவு நின்றுபோயிருந்தது.

பிறகு இயந்திரத்துக்கு மேலாக அவரைப் பார்த்து, சட்டைப் பையைச் சுட்டிக் கையை நீட்டினாள். காது எழுந்து சுற்றிப் போய், நாலாக மடித்துத் தைத்த அந்தத் துணியை எடுத்துக் கொடுத்தார். அவள் ஈரமில்லாத பக்கமாக அதைத் திருப்பி, செல்லோவின் சுருள் தலையின் மேல் வைத்து, பல்லால் கவ்விக்கொண்டு தந்தியைச் சுண்டினாள்.